பாரிஸின் பேனாக்கள் – 17: இருட்டில் ஒரு படகு

டிரைஃபஸ் வழக்கில் இதழாளர் ஆன்றி ரோஷ்ஃபோர் எந்தப் பக்கம் நின்றார்? இந்த வாரம் அதைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். ஆனால் 1874 மார்ச் 19 இரவைக் கடக்காமல் அங்கே போக முடியாது. அந்த இரவு தெரியாதவருக்கு இவருடைய உயரமும் தெரியாது, பிற்காலத்துச் சரிவும் தெரியாது.

1868இல் 'லா லாந்தெர்ன்' இதழின் சிவப்பு அட்டைக்குள் பேரரசர் மூன்றாம் நெப்போலியனை வாராவாரம் கிழித்துத் தொங்கவிட்ட அதே கைக்கு, பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு வீழ்ந்த பிறகு குடியரசே விலங்கு மாட்டியது. எழுதிய குற்றத்துக்கு ஆயுள் முழுவதும் நாடுகடத்தல்! 'விர்ஜினி' கப்பலில் கம்யூன் போராளி லூயீஸ் மிஷேலும் உடன் வந்தார். 1873 டிசம்பரில் அவர்களைப் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் இறக்கினார்கள்.

மூன்றே மாதங்களில் தப்பிக்கும் திட்டம் தயாரானது. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலுக்குத் திரும்பவிருந்த 'பி.சி.இ.' கப்பலின் கேப்டன் டேவிட் லா, 10,000 பிராங்குக்கு ஒப்புக்கொண்டார். கைதிகளை வைத்திருந்த டூக்கோ தீபகற்பத்தில் ரோஷ்ஃபோர், சக கைதிகளான ஒலிவியே பேன், பஸ்கால் குரூஸே மூவரும் காத்திருந்தார்கள். இந்தக் குரூஸே யார்? இளவரசர் பியேர் போனபார்ட்டிடம் விக்தோர் நுவாரைத் தூது அனுப்பியவர்; நுவார் அங்கே சுடப்பட்டு இறந்ததைத் தொடரில் படித்திருப்பீர்கள். பின்னாளில் ஜூல் வெர்னின் நாவல்களுக்கும் கை கொடுத்தவர்.

அவர்களோடு தப்பவிருந்த மற்ற மூவர் நூமேயா நகரிலிருந்து படகோடு புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜூர்ட், கம்யூனின் நிதிப் பொறுப்பை வகித்தவர். டூக்கோ மூவரும் இருட்டில் கடலில் இறங்கி, ஒரு பாறைத்திட்டுக்கு நீந்திப் போனார்கள். சுறாக்கள் திரியும் கடல் அது. காவலர் கண்ணில் பட்டாலும் முடிந்தது கதை. படகு வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டது. ஆறு பேரும் கப்பலைத் தேடித் துடுப்புப் போட்டார்கள். அதில் ஏறி, மார்ச் 27இல் ஆஸ்திரேலிய மண்ணை மிதித்தார்கள்.

ஓவியர் எடுவார் மனே இந்தக் காட்சியை இரண்டு முறை தீட்டினார். இரண்டிலும் படகு சிறியது, கடல்தான் பெரியது. தனிமனிதனின் துணிவை இதைவிட நேர்மையாக வரைய முடியாது என்பது என் எண்ணம்.

1880இல் பொதுமன்னிப்பு பெற்றுத் திரும்பிய ரோஷ்ஃபோரைப் பாரிஸ் தலையில் வைத்துக் கொண்டாடியது. 'லேந்த்ரான்சிழாம்' நாளிதழைத் தொடங்கினார். குடியரசை அச்சுறுத்திய ஜெனரல் புலான்ஷேயின் பின்னால் போனார்; மறுபடியும் தண்டனை, லண்டனில் அடைக்கலம். இவற்றையெல்லாம் என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அதன் பிறகு வந்ததைப் பொறுக்க முடியவில்லை.

1895இல், பொய்யான உளவுக் குற்றத்துக்காக, யூதரான கேப்டன் டிரைஃபஸைப் பிசாசுத் தீவில் அடைத்தார்கள். அவருக்காக நாவலாசிரியர் எமில் ஸோலா எழுந்து நின்றபோது, ரோஷ்ஃபோர் எதிர்ப்பக்கம் நின்று யூத வெறுப்பை அச்சேற்றினார். தீவுச் சிறையின் கொடுமையை உடலால் அறிந்த மனிதர், இன்னொரு தீவில் வாடிய நிரபராதிக்கு இரங்கவில்லை.

அதிகாரத்தை எதிர்த்த துணிவுக்காக அவரை வணங்கலாம். அந்தத் துணிவைக் காட்டி டிரைஃபஸுக்குச் செய்த அநீதியை மன்னிக்க முடியாது. 1906இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் டிரைஃபஸைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அந்த வழக்கில் ரோஷ்ஃபோரின் பேனா செய்த வேலையை அடுத்த வாரம் முழுமையாகப் பார்ப்போம்.