கார்ன்ஹோல்: பெயரில் மட்டும் எஞ்சிய சோளம்

விளையாட்டுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவது ஒரு தந்தையை. கண்டுபிடித்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டால் வரலாறே கிடைத்துவிட்டதாக நிறைவுகொள்கிறோம். அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் வளர்ந்து இன்று தொலைக்காட்சி வரை வந்திருக்கும் கார்ன்ஹோல் என்னும் ஆட்டம், அப்படித் தேடுவோருக்கு எளிதில் பிடிகொடுப்பதில்லை. இதன் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருப்பதற்கு அதுவே காரணம்.

ஆட்டம் எளியது. 4 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட சாய்வான பலகை. அதன் மேற்பகுதியில் 6 அங்குல விட்டமுள்ள துளை. இத்தகைய இரு பலகைகள் 27 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும். ஏறத்தாழ 450 கிராம் எடையுள்ள சதுரத் துணிப்பைகளைக் கையைத் தாழ்த்தி வீச வேண்டும். துளைக்குள் விழும் பைக்கு 3 புள்ளி; பலகைமேல் தங்கும் பைக்கு 1 புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்புப் புள்ளிகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மிஞ்சியது மட்டும் கூடுதலாகப் பெற்றவர் கணக்கில் சேரும். முதலில் 21ஐ எட்டும் தரப்பு வெல்லும். அந்நாளில் பைகளை நிரப்பியது உலர்ந்த மக்காச்சோளம். ‘கார்ன்’ அதனால் வந்தது. ‘ஹோல்’ என்பது துளை.

இதன் தோற்றம் குறித்து இரண்டு கதைகள் பெருவழக்காக உலவுகின்றன. முதற்கதையில், 14ஆம் நூற்றாண்டு பவேரியாவைச் சேர்ந்த தச்சர் ஒருவர் வருகிறார். சிறுவர்கள் கிரவுண்ட்ஹாக் என்னும் விலங்கின் வளைக்குள் கல்லெறிந்து விளையாடுவதைக் கண்ட அவர், எவருக்கும் காயம் படாதிருக்கப் பலகையில் துளையிட்டுச் சோளப் பைகளைத் தந்தாராம். இரண்டாம் கதையின்படி, இல்லினாய் பகுதியின் ‘பிளாக் ஹாக்’ என்னும் தொல்குடியினர் பன்றியின் சிறுநீர்ப்பையில் உலர்ந்த அவரை விதைகளை நிரப்பி எறிந்து விளையாடினராம்.

இக்கதைகளை மறுக்க ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியதில்லை. அவை தாமே தம்மை மறுத்துக்கொள்கின்றன. கிரவுண்ட்ஹாக் வட அமெரிக்காவுக்கே உரிய கொறிவிலங்கு. பவேரியச் சிறுவர்கள் அதன் வளையைக் கண்டிருக்க முடியாது. மக்காச்சோளமோ கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பிறகே ஐரோப்பாவை அடைந்தது. இரண்டாம் கதையின் பன்றி எதிர்த்திசையில் பயணம் செய்த விலங்கு: ஐரோப்பியர் கொண்டுவரும்வரை அமெரிக்க மண்ணில் வீட்டுப்பன்றி இல்லை. பிளாக் ஹாக் என்பதும் இனத்தின் பெயரன்று. 1832ஆம் ஆண்டுப் போரால் அறியப்பட்ட, சாக் இனத்துத் தலைவர் ஒருவரின் பெயர் அது. கதையைப் புனைந்தவர்கள் தம் காலத்துப் பொருள்களையே பழங்காலத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

ஆவணம் பேசத் தொடங்குவது 1883இல். அவ்வாண்டில் ஹெய்லிகர் டி விண்ட் என்பவர் ‘பார்லர் குவாய்ட்ஸ்’ என்ற பெயரில் ஓர் ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். சாய்வுப் பலகை, துளை, எறியும் பை ஆகிய மூன்றும் அதில் இருந்தன. துளை மட்டும் சதுரம். இதன் உரிமையைப் பெற்ற பொம்மை நிறுவனம் ‘ஃபாபா பாகா’ என்ற பெயரில், அளவு வேறுபட்ட இரண்டு துளைகளோடு இதை விற்றது. பின்னர் 1974இல் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழில் இதையொத்த இன்னோர் ஆட்டம் வெளிவந்தது. அதில் பலகையின் அகலம் இன்றுள்ள அதே 2 அடி; நீளமோ 3 அடி; ஆளுக்கு இரண்டு பைகள்தாம்.

அப்படியாயின் டி விண்ட்தான் தந்தையா? மொழியியலில் இரு மொழிகளின் உறவை ஆராய்கையில் சொற்களைவிட இலக்கணத்தையே நாங்கள் மிகுதியும் நம்புவோம். சொற்கள் எளிதில் கடன் போகும். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். பலகையும் பையும் வரவேற்பறை ஆட்டத்தின் சாயல். புள்ளிக் கணக்கோ லாடம் எறியும் ஆட்டத்தினுடையது: முளையைச் சுற்றி விழும் லாடத்துக்கு 3, அருகே விழுந்ததற்கு 1, இரு தரப்புக்கும் உரியதைக் கழிக்கும் அதே முறை. பொருள் ஒரு குடும்பத்திலிருந்தும் இலக்கணம் வேறொரு குடும்பத்திலிருந்தும் வந்து கலந்த ஓர் ஆட்டத்துக்கு ஒற்றைத் தந்தையைத் தேடுவது வீண்வேலை.

அக்கலப்பு பரவலாக நிகழ்ந்த களங்களுள் முதன்மையானது ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி, குறிப்பாக அதன் மேற்குப் பகுதி. தேவாலய விழாக்களிலும் குடும்பக் கூடல்களிலும் கால்பந்து அரங்குகளின் வண்டி நிறுத்துமிடங்களிலும் இவ்வாட்டம் வேரூன்றியது. லாடம் எறிய 40 அடி இடமும், முளையடித்த மண்குழியும், கனத்த இரும்பும் வேண்டும். இதற்கு அவை எதுவும் வேண்டா. பாட்டியும் பேரனும் ஒரே அணியில் ஆடலாம்; ஒரு கையில் பானக் கோப்பையை ஏந்தியபடியே ஆடலாம். செய்வதும் எளிது. 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட் பலகை ஒன்றை நான்காக அறுத்தால் இரண்டு இணைகள் கிடைத்துவிடும். நம்மூர் மரக்கடைகளிலும் அதே அளவுதான். காப்புரிமை பெற்ற ஆட்டம் கடையிலிருந்து மறைந்துபோனது. எவரும் உரிமை கோராத ஆட்டம் வீட்டுக்கு வீடு அறுக்கப்பட்டு, ஆணியடிக்கப்பட்டு, வண்ணம் பூசப்பட்டுப் பெருகியது.

பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘கார்ன்’ என்றால் தானியம், எந்தத் தானியமும். பிரிட்டனில் 1846இல் நீக்கப்பட்ட தானியச் சட்டங்களின் பெயரில் உள்ள ‘கார்ன்’ முதன்மையாகக் கோதுமையையே குறித்தது. அமெரிக்காவில் குடியேறியோர் புதிய பயிரை ‘இந்தியன் கார்ன்’ என்றனர். நாளடைவில் அடைமொழி உதிர்ந்தது. தமிழும் இதே வழியில் சென்று, புதிய பயிருக்குப் பழைய சோளத்தின் பெயரைச் சூட்டி ‘மக்கா’ என்ற அடைமொழியையும் சேர்த்தது. ஆங்கிலக் கொச்சையில் ‘கார்ன்ஹோல்’ இடக்கரான பொருளும் தரும். ஆயினும் ஆட்டம் பரவப் பரவக் குடும்பங்கள் கூச்சமின்றி வழங்கும் சொல்லாயிற்று. சிகாகோப் பகுதியினர் மட்டும் இன்றும் இதை ‘பேக்ஸ்’ என்பர்.

2005இல் ஓஹையோவில் அமெரிக்கன் கார்ன்ஹோல் ஆர்கனைசேஷனும், 2015இல் அமெரிக்கன் கார்ன்ஹோல் லீகும் தோன்றின. 2020இல் பெருந்தொற்றால் பெரிய ஆட்டங்கள் பலவும் நின்றுபோயிருந்தபோது, ஈ.எஸ்.பி.என். இதை ஒளிபரப்பியது. புதிய பார்வையாளர்கள் வந்தனர்; கூடவே புதிய கண்டிப்பும் வந்தது. ஈரத்தில் கெட்டு, உடைந்து தூளாகி, எலிகளை ஈர்த்துவந்த சோளத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் மணிகள் பிடித்துக்கொண்டன. 2022ஆம் ஆண்டு உலக வாகையர் போட்டியின் இரட்டையர் ஆட்டத்தில், எதிரணியின் பை விதிக்கு உட்பட்டதன்று என்று முறையீடு எழுந்தது. சோதித்தபோது இரு அணிகளின் பைகளுமே அளவு தப்பியிருந்தன. வீட்டில் தைத்த பைகளோடு தொடங்கிய ஆட்டத்தில் இன்று பையின் பரிமாணம் செய்தியாகிறது.

இதில் இழப்பு மட்டுமே இருப்பதாக நான் கருதவில்லை. விதி சீரானதால்தான் வெவ்வேறு மாநிலத்தவர் ஒரே களத்தில் நிற்க முடிகிறது. ஆனால் விதியும் வணிகமும் வந்த பின்னர்தான் ஓர் ஆட்டத்துக்குத் தொன்மையான பிறப்புச் சான்றிதழ் தேவைப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பவேரியத் தச்சர் அத்தேவையை நிறைவு செய்பவர். அவரை ஏற்றுக்கொள்ளும்போது, பெயர் பதியாமல் பலகை அறுத்த எண்ணற்ற தச்சர்களையும் பை தைத்த பெண்களையும் நாம் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம். எல்லாவற்றுக்கும் ஆயிரமாண்டுப் பழமையும் ஒரு மூலபுருஷரும் கற்பிக்கப்படும் நம் நாட்டுச் சூழலில், யாரோ சிலர் சிறிது சிறிதாகத் திருத்திச் செய்தது என்பதும் முழுமையான வரலாறே என்று ஏற்கப் பழக வேண்டும்.