காணாததைக் காட்டும் முகப்பு

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி வரைவது? அறிவியல் புனைகதைகளுக்கும் மாயக் கதைகளுக்கும் அட்டைப்படம் தீட்டுகிறவர்கள் தவிர்க்க முடியாத கேள்வி இது. இல்லாத உலகை எழுத்தாளர் சொற்களால் படைத்துவிடுவார். ஓவியரோ அதற்கு வடிவும் வண்ணமும் தந்தாக வேண்டும்.

தமிழ் அச்சுநூல் வரலாறே இக்கேள்வியோடுதான் தொடங்குகிறது. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். அதன் முகப்பில் இடம்பெற்றது மூவொரு இறைவனின் உருவம். கண்ணுக்கு எட்டாத இறைவனுக்கு உருவம் தீட்டலாமா என்ற வழக்கு திருச்சபைக்குப் புதிதன்று. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று 787இல் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் தெளிவுபடுத்தியது. படம் நாம் நின்றுவிட வேண்டிய இடமன்று. உள்ளே நுழைய வேண்டிய வாயில்.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, 1972இல், முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. 1962இல் இங்கிலாந்தில் தொடங்கிய படக்கதையின் தமிழ் வடிவம் அது. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் தெரியும். மறைந்த மனிதனைக் காட்ட ஓவியருக்கு அந்தக் கையே போதுமானதாயிற்று. எஞ்சியதைச் சிறுவர்களின் கற்பனை நிரப்பிக்கொண்டது.

தலைப்பெழுத்துக்கும் இதில் பங்குண்டு. அச்சுக்கூடத்து ஈய எழுத்துகள் அமைதியானவை. அவற்றில் அச்சமோ விரைவோ தொனிக்காது. எனவே அக்காலத்து ஓவியர்கள் தலைப்பைத் தூரிகையாலேயே எழுதி, பிளாக் செய்வித்து அச்சேற்றினர். ஒரு சுழியை நெளித்தால் மாயம். ஒரு காலை மின்னல்போல் ஒடித்தால் ஆபத்து. படிப்பதற்கு முன்பே எழுத்து பேசிவிடும். கணினி எழுத்துருக்கள் வந்தபின் இக்கைவண்ணம் பெரிதும் அருகிவிட்டது.

கூடங்குளத்தில் வாழும் நமக்கு இது கதைப்புத்தகச் செய்தி மட்டுமன்று. அணுக்கதிரும் கண்ணுக்குத் தெரியாததே. அதைச் சுட்ட 1946இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் மூவிதழ்ச் சின்னம் ஒன்றை வரைந்தனர். அதுவும் காணாத ஒன்றுக்கு இட்ட முகப்பே. 1988இல் சோவியத் நாட்டுடன் ஒப்பந்தமாகி, 2013இல் நமது முதல் உலையின் மின்சாரம் வெளியே பாயத் தொடங்கியது. கடலோரத்துக் குவிமாடங்கள் எதிர்காலம் என்னும் நூலின் அட்டைப்படமாயின. ஒளிமயமான நாளையை அதில் கண்டோர் உண்டு. 2011இல் இடிந்தகரை லூர்து மாதா ஆலய முன்றிலில் கூடியோர் அதே படத்தில் தம் பிள்ளைகளைப் பற்றிய அச்சத்தைக் கண்டனர்.

அட்டை ஒரு வாக்குறுதி. உள்ளே இல்லாததை வெளியே தீட்டுவது பொய். உள்ளே இருப்பதை வெளியே மறைப்பதும் பொய்யே. மாயாவியின் அட்டையால் ஏமாந்த சிறுவன் இழப்பது சில காசுகளை. எதிர்காலத்தின் அட்டையால் ஏமாறுகிற ஊர் எதையெல்லாம் இழக்கும்? ஆகவே, அன்பர்களே, முகப்பை ரசிப்போம். ஆனால் உள்ளே உள்ள பக்கங்களைத் திறந்து காட்டும்படி கேட்கவும் தயங்காதிருப்போம். கேட்பது அவநம்பிக்கையன்று, வாசகனின் கடமை.