கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் - ஹென்றி ஃபாசெட்

1867-ம் ஆண்டு ஜூலை மாதம். துருக்கி சுல்தான் அப்துல் அஜீஸ் லண்டனுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். அவரைக் கௌரவிக்க ஒரு பிரம்மாண்டமான நடன விருந்துக்கு ஏற்பாடு செய்தார்கள். இடம், இந்தியாவை நிர்வாகம் செய்த 'இந்தியா ஆபீஸ்' என்ற அமைச்சகத்தின் புத்தம் புதிய கட்டிடம். விளக்குகள், பூக்கள், இசை, சாப்பாடு எல்லாம் அமர்க்களம். சரி, செலவு யாருடையது? துருக்கியும் கொடுக்கவில்லை, இங்கிலாந்தும் கொடுக்கவில்லை. பில் போனது இந்தியாவின் வரிப்பணத்துக்கு!

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரிசாவில் கொடிய பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் செத்துப் போயிருந்தார்கள்.

இந்த பில்லைப் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தவர் ஹென்றி ஃபாசெட். அமைச்சர் இல்லை, கட்சித் தலைவர் இல்லை. லிபரல் கட்சியின் பின்வரிசை உறுப்பினர், அதாவது நம் பாஷையில் கடைசி பெஞ்ச். வயது 33. சபைக்கு வந்து இரண்டே ஆண்டுகள். அவருடைய தொகுதி பிரைட்டன், இங்கிலாந்தின் தென்கரையில் லண்டன்காரர்கள் கடல்காற்று வாங்கப் போகும் ஊர். அந்த ஊர் ஓட்டுக்கும் இந்தியாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்னொன்று, அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

பிறவிக் குருடர் அல்ல. 1833-ல் சாலிஸ்பரி நகரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, 1856-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் ஏழாவதாக வந்தவர். வக்கீலாகி, பிறகு அரசியலுக்கு வர வேண்டும் என்பது திட்டம். 1858 செப்டம்பரில் அப்பாவோடு கௌதாரி வேட்டைக்குப் போனார். அப்பா சுட்ட குண்டுச் சிதறல்கள் மகனின் இரண்டு கண்களிலும் பாய்ந்தன. 25 வயதில் உலகம் இருண்டு போனது. அதன் பிறகும் படகு வலித்தார், குதிரை ஏறினார், மீன் பிடித்தார், உறைந்துபோன நீர்நிலைகளில் சறுக்கி விளையாடினார். மகனைவிட அந்த அப்பாதான் வாழ்நாள் முழுக்க அதிகமாக வேதனைப்பட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

கண் தெரியாதவரை மக்கள் உடனே சபைக்கு அனுப்பிவிடவில்லை. முதலில் லண்டனின் சதர்க் தொகுதியில் முயன்றார். குருடர் எப்படிச் சட்டம் படிப்பார் என்று கேட்டார்கள். கேம்பிரிட்ஜிலும் தோல்வி. இதற்கிடையே 1863-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். 1865-ல் பிரைட்டன் அவரைத் தேர்ந்தெடுத்தது.

சபையில் அவருடைய ஆயுதம் ஞாபகசக்திதான். மற்ற உறுப்பினர்கள் கையில் குறிப்பை வைத்துக்கொண்டு பேசுவார்கள். இவருக்கு அந்த வசதி கிடையாது. அரசு அறிக்கைகளை யாராவது படித்துக் காட்ட வேண்டும். கேட்டதை மனதில் அடுக்கிக்கொண்டு, எண்ணோடு எண்ணாக அவையில் எடுத்து வைப்பார்.

முதலில் உள்ளூர் விவகாரம் ஒன்றைப் பார்ப்போம். அது புரிந்தால் இந்திய விவகாரமும் புரியும்.

நம் ஊர்களில் மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு இருப்பது போல இங்கிலாந்துக் கிராமங்களிலும் பொது நிலம் இருந்தது. ஏழைகள் மாடு மேய்ப்பார்கள், விறகு பொறுக்குவார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள். 1845-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்த நிலங்களை வேலி போட்டு நிலச்சுவான்தார்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் இதற்கு ஒரு மசோதா வரும். பெரும்பாலும் நடுராத்திரியில், யாரும் கவனிக்காத நேரத்தில், விவாதம் இல்லாமலே நிறைவேறிவிடும். கால் நூற்றாண்டில் ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படிப் போயிற்று. பொதுமக்களுக்கு என்று ஒதுக்கியது நாலாயிரம் ஏக்கர் அளவுக்குத்தான்.

1869-ல் வந்த மசோதாவில் அடைக்கப்படவிருந்த நிலம் 6,916 ஏக்கர். அதில் மக்கள் விளையாட, உலாவ 3 ஏக்கர். ஏழைகள் காய்கறி பயிரிட 6 ஏக்கர். மீதி அத்தனையும் நிலமுள்ளவர்களுக்கே! ஃபாசெட் மசோதாவை மறித்து நின்றார். அவருடைய சொந்தக் கட்சிதான் ஆட்சியில் இருந்தது, தலைவர்களுக்கு எரிச்சல். இருந்தும் விடவில்லை. விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது, ஆண்டுதோறும் நிலம் விழுங்கிய வழக்கம் கிட்டத்தட்ட நின்றே போனது. 1876-ல் சட்டமும் மாறியது. லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள எப்பிங் காட்டைக் காப்பாற்றவும் 1870-ல் தீர்மானம் கொண்டு வந்தார். பல பேர் பல முனையில் போராடிய பிறகு 1878-ல் அந்தக் காடு சட்டப்படி மக்களுடைய இடமானது.

மரங்களைக் கண்ணால் பார்க்க முடியாத மனிதர் காட்டுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். இங்கேயும் அதே கதைதான். முடிவெடுப்பவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர், பில் கட்டுபவருக்கு அந்தச் சபையில் வாய் இல்லை. கிராமத்து ஏழைக்கு ஓட்டு இல்லை, இந்தியருக்கும் ஓட்டு இல்லை.

அன்றைய ஏற்பாட்டில் ஒரு தந்திரம் இருந்தது. பிரிட்டிஷ் அமைச்சர்களின் சம்பளத்தை ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு அனுமதிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் எந்த உறுப்பினரும் எழுந்து அந்தத் துறையைக் குடையலாம். ஆனால் இந்தியா அமைச்சரின் சம்பளம் லண்டன் கஜானாவிலிருந்து வரவில்லை. அதையும் இந்தியாவே கொடுத்தது! எனவே அதற்கு ஓட்டும் இல்லை, குடைவதற்கு வாய்ப்பும் இல்லை. இந்திய பட்ஜெட் என்று ஒன்று சபைக்கு வரும். அதுவும் கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு. இருபது கோடி மக்களின் வரவு செலவு காலி பெஞ்சுகளுக்கு முன்னால் வாசிக்கப்படும். ஃபாசெட் உட்கார்ந்து கேட்டார். கேட்டதோடு நில்லாமல் கேள்வியும் கேட்டார்.

1867 கடைசியில் அபிசீனியாவுக்குப் படை போனது. அங்கே அரசர் தியோடர் பிரிட்டிஷ் தூதரையும் வேறு சிலரையும் சிறைப்பிடித்து வைத்திருந்தார். அவர்களை மீட்க பம்பாயிலிருந்து படை கிளம்பியது. அந்த இந்தியப் படைகளின் வழக்கமான சம்பளத்தை இந்தியாவே தர வேண்டும் என்றது அரசாங்கம். எப்படியும் கொடுக்கிற சம்பளம்தானே என்பது அவர்கள் வாதம். அந்தப் படை இல்லாமலே இந்தியா சமாளிக்க முடியும் என்றால் எதற்காக இந்தியா அதற்கு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்கிறது என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. எதிர்த்தவர்களில் ஃபாசெட்டும் ஒருவர். தோற்றார்கள்.

1875-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். செலவில் 30,000 பவுண்டு இந்தியாவின் கணக்கில். இளவரசரை அனுப்புவது இங்கிலாந்து என்றால் இங்கிலாந்தே செலவு செய்யட்டும் என்றார் ஃபாசெட். மறுபடியும் தோல்வி.

ஓட்டெடுப்பில் தோற்றாலும் ஒரு பலன் கிடைத்தது. 1871-ல் இந்திய நிதி நிலையை ஆராய நாடாளுமன்றக் குழு அமைந்தது. ஃபாசெட் அதில் உறுப்பினர். சாட்சிகளை அவர் குறுக்கு விசாரணை செய்த விதம் பிரசித்தம். கண் தெரியாதவர் முன்னால் உட்கார்ந்து, பெரிய பெரிய அதிகாரிகள் தங்கள் கணக்குக்குத் தாங்களே விளக்கம் சொல்லத் திணறினார்கள். அந்தக் குழுவின் முன்தான் 1873-ல் தாதாபாய் நவுரோஜி இந்தியாவின் வறுமையைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1892-ல், அதே சபைக்கு அவரே உறுப்பினராகப் போனார்.

'இந்தியாவின் உறுப்பினர்' என்று ஃபாசெட்டுக்குப் பெயரே வந்துவிட்டது. 1874 பொதுத் தேர்தலில் லிபரல் கட்சி நாடு முழுக்க அடிவாங்கியது. பிரைட்டனில் ஃபாசெட்டும் தோற்றார். அப்போது நடந்தது சரித்திரத்தில் அபூர்வமான விஷயம். அவருடைய தேர்தல் செலவுக்காக இந்தியாவில் சந்தா திரட்டி அனுப்பினார்கள். சில வாரங்களில் லண்டனின் ஹாக்னி தொகுதியில் மறுதேர்தல் வந்தது. அதில் ஜெயித்து மீண்டும் சபைக்குள் நுழைந்தார். ஓட்டு ஹாக்னிக்காரர்களுடையது, செலவில் ஒரு பங்கு இந்தியர்களுடையது.

அடுத்து வந்ததுதான் பெரிய சோதனை. 1876-78, தென்னிந்தியாவில் தாது வருஷப் பஞ்சம். நம் பாட்டிமார் வழியாக இன்றும் பேச்சில் வாழ்கிற பஞ்சம். இனிமேல் பஞ்சம் வந்தால் சமாளிக்க நிதி வேண்டும் என்று சொல்லி 1878-ல் வியாபாரிகள் மீது லைசென்ஸ் வரி உட்படப் புதிய வரிகள் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் வைஸ்ராய் லிட்டன் ஆப்கானிஸ்தான் மீது படையெடுத்தார். 1858-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் போருக்கு, படையெடுப்பைத் தடுப்பது போன்ற அவசரம் தவிர, நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் இந்தியப் பணத்தைத் தொடக் கூடாது. டிசம்பரில் சம்மதம் கேட்டு வந்தார்கள். ரஷ்யாவுக்குப் பயந்து லண்டனில் முடிவு செய்த போருக்கு இந்தியா ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று ஃபாசெட் எதிர்த்தார். வழக்கம் போலத் தோல்வி. ஆனால் 1880-ல் ஆட்சி மாறிய பிறகு கிளாட்ஸ்டன் அரசாங்கம் அந்தப் போர்ச் செலவில் 50 லட்சம் பவுண்டை பிரிட்டிஷ் கஜானாவிலிருந்து கொடுத்தது. மொத்தச் செலவில் இது ஒரு பகுதிதான். ஆனால் முன்பு காலணா கூடப் பெயராத இடம் அது.

ஃபாசெட்டை மகாத்மா ஆக்கிவிட வேண்டியதில்லை. இந்தியா விடுதலை பெற வேண்டும் என்று அவர் பேசவில்லை. நிர்வாகம் சிக்கனமாக, நியாயமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். சந்தைப் பொருளாதாரத்தில் அழுத்தமான நம்பிக்கை உள்ளவர். ஆலைகளில் பெண்களின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டுக் குறைப்பதை எதிர்த்தார். பெண்கள் வயது வந்தவர்கள், அவர்களே பேசி முடிவு செய்யட்டும் என்பது அவர் கட்சி. நாள் முழுக்க நூல் நூற்கிற பெண்ணுக்கு முதலாளியிடம் என்ன பேச்சு வாய்க்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அதே ஃபாசெட், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1867-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் கொண்டு வந்த திருத்தத்தை ஆதரித்த 73 பேரில் ஒருவர். மனைவி மில்லிசென்ட் ஃபாசெட் பிற்காலத்தில் அந்த இயக்கத்துக்கே தலைவியானார்.

1880-ல் பதவி வந்தது. தபால் துறைத் தலைவர், ஆனால் உள்வட்ட அமைச்சரவையில் இடம் இல்லை. ரகசியக் காகிதங்களை இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டியிருக்குமே என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. நல்ல வேலை செய்தார். போஸ்டல் ஆர்டர், ஒரு பென்னி ஸ்டாம்பு ஒட்டிச் சேமிக்கும் திட்டம், 1883-ல் பார்சல் தபால் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. ஆனால் அரசாங்கத்தில் இருந்துகொண்டு இந்தியக் கணக்கைப் பற்றி முன்போல வாய்விட்டுப் பேச முடியாது. கடைசி பெஞ்சில் இருந்த சுதந்திரம் முன் பெஞ்சில் இல்லை. 1884-ல் பெண்கள் ஓட்டுரிமைத் திருத்தத்தில் அரசாங்கத்தோடு சேர்ந்து ஓட்டுப் போட மறுத்து ஒதுங்கி நின்றார். அதற்கே கிளாட்ஸ்டனிடம் கண்டனம் வாங்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 6-ம் தேதி, 51 வயதில், நுரையீரல் நோயால் கேம்பிரிட்ஜில் இறந்தார். இந்தியா அமைச்சரின் சம்பளத்தை இங்கிலாந்தே கொடுப்பதற்கு 1919-ம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. அதுவரை அந்தச் சம்பளத்தை இந்தியாதான் கட்டிக்கொண்டிருந்தது.