பானட்டுக்கு அடியில் ஆவி

என் வலது புறங்கைத் தழும்பைப் பற்றி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறீர்கள். ஏற்காடு மலைப்பாதையில் வாடகைக் கார் புகைந்தபோது, ஓட்டுநர் தடுத்தும் கேட்காமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். வரலாற்று வாத்தியாருக்கு அறிவியல் அன்றுதான் புரிந்தது!

காரிலிருந்து ஆவி வருவது ஒரு காலத்தில் கோளாறே இல்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மூன்று சக்கர பென்ஸ் வண்டியில் போனார். தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் அதன் எஞ்சின் சூடு தணியும். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். 1901 மெர்சிடிஸில் மைபாக் அமைத்த தேன்கூடு ரேடியேட்டர் வந்தபின் அதே தண்ணீர் ஆறி ஆறிச் சுற்றியது. அப்புறம்தான் ஆவி என்றால் கோளாறு என்றானது.

பின்னால் வந்தது அழுத்த மூடி. குக்கர் மாதிரிதான். உள்ளே 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், திறந்த நொடியில் பீய்ச்சியடிக்கும்.

வெள்ளையாக, லேசான இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் ஆவி. நீலச் சாயலும் எண்ணெய் கருகிய வாடையும் என்றால், சூடான சைலன்சர் குழாயில் ஆயில் சொட்டுகிறது. பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றமா? ஒயராக இருக்கலாம், எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள், பானட்டைத் தூக்காதீர்கள். எதுவானாலும் முதலில் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். வண்டி நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடவே வேண்டாம்.

அந்த ஓட்டுநர் ஒரு வார்த்தை திட்டவில்லை. துண்டை நனைத்து என் கையில் சுற்றிவிட்டுத்தான் வண்டிப் பக்கம் போனார்.