மறைந்த பெயரும் தெரிந்த முகமும்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில், ஒரு கரையில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம். எதிர்க்கரையில், ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் 1984 முதல் கூட்டாக நடத்திய 'நம்மி' கார் ஆலை இருந்தது. ஆபத்தைக் கண்டவரைப் பேசவைக்க இரண்டும் கண்ட வழிகள் நேர் எதிரானவை.

1974 டிசம்பரில் வர்ஜீனியா மலையில் ஒரு விமானம் மோதி 92 பேர் இறந்தனர். அதே இடத்தில் ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் மயிரிழையில் தப்பியிருந்தது. அச்செய்தி அந்த நிறுவனத்தைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் இத்தகைய ஆபத்துகளை எழுதித் தரச் சொன்னது. விமானிகள் தயங்கினர். உரிமத்தைப் பறிக்கக்கூடியவரிடமே தவற்றை எழுதிக் கொடுப்பார்களா? 1976-இல் அப்பணி, தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாசாவிடம் வந்தது.

ஃப்ரீமான்ட் நகரில் இருந்த நம்மி ஆலையிலும் பழைய அச்சம் ஊறியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தனியாக நடத்திய நாளில், என்ன நேர்ந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது. 1982-இல் மூடிய அந்த ஆலைக்குப் பெரும்பாலும் அதே தொழிலாளர்களே திரும்பினர். இம்முறை தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கியது.

நாசாவின் படிவத்தில் பெயரும் முகவரியும் தனிச் சீட்டில் இருக்கும். ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தபின், அதைக் கிழித்து, தேதி முத்திரையிட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கயிற்றிலோ ஒளிவுமறைவே இல்லை. இழுத்தால் இசை ஒலிக்கும், பலகையில் விளக்கு எரியும், எந்த இடம் என்பதை ஆலையே பார்க்கும். குழுத்தலைவர் ஓடி வருவார். கார் குறித்த கோட்டைத் தொடுமுன் சிக்கல் தீர்ந்தால் வரிசை ஓடும், தீராவிட்டால் நிற்கும்.

ஒன்று ஆளை மறைக்கிறது, மற்றது ஆளை நடுவில் நிறுத்துகிறது. ஆயினும் என்னை வியக்கவைப்பது இவற்றின் உறவுதான். பேசியவருக்கு இரண்டுமே கண்கூடான பதிலைத் தருகின்றன: அங்கே கைக்குத் திரும்பி வரும் சீட்டு, இங்கே ஓடிவரும் மனிதர். "பயப்படாமல் சொல்லுங்கள்" என்று சுவரில் எழுதிவைப்பதைவிட இவை வலியவை என்றே கருதுகிறேன்.

இரண்டுக்கும் பின்னால் எழுத்தில் உறுதியும் உண்டு. பத்து நாளுக்குள் எழுதிய விமானிக்கு, தவறு வேண்டுமென்றே செய்ததல்ல என்றால், அபராதத்திலிருந்தும் உரிம நிறுத்தத்திலிருந்தும் பெரும்பாலும் விலக்குக் கிடைக்கும். விபத்துக்கும் குற்றச்செயலுக்கும் அது இல்லை. நம்மியின் தொழிற்சங்க ஒப்பந்தமோ, ஆட்குறைப்புக்கு முன் மேலதிகாரிகளின் சம்பளம் குறையும் என்றது. 1980-களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது ஆலை யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலையற்ற நேரத்தில் பயிற்சி கொடுத்தது.