வேடந்தாங்கல் கொக்குகளும் நாரைகளும்

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் ஏரியில் கொக்குக் குடும்பப் பறவைகளும் நாரைக் குடும்பப் பறவைகளும் கலந்தே கூடு கட்டுகின்றன. ஊரார் இனம் பிரித்துப் பார்த்து இவற்றைக் காக்கவில்லை. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதே அவர்கள் கணக்கு. ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டனர். ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது.

இன்று ஏரிக்கரையில் நின்று இனம் காண முயல்வோரைப் பெயர்களே முதலில் குழப்பும். சாம்பல் நாரை பெயரில்தான் நாரை. அது கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. நத்தைகுத்தி நாரையோ மெய்யான நாரை. பறக்கும்போது ஐயம் தீர்ந்துவிடும்: கொக்கினம் கழுத்தை மடக்கிக்கொள்ளும், நாரை நீட்டிப் பறக்கும்.

வெள்ளைக் கொக்குகள்தாம் கடினம். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, கால்விரல்கள் மஞ்சள். உண்ணிக்கொக்கின் அலகு மஞ்சள். கூடு கட்டும் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகும். பெரிய கொக்கில் அலகின் நிறத்தை நம்பக்கூடாது. மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். அதன் வாய்ப்பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னே செல்லும். நடுத்தரக் கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். மடையான் உட்கார்ந்திருந்தால் மண்ணோடு மண், எழுந்தால் வெள்ளைச் சிறகு. அந்தியில் கரகரவென்று கத்திக்கொண்டு இரைக்குக் கிளம்புவது இராக்கொக்கு.