பரேசியின் கை, மால்டினியின் கால்

2009 மே 24. மிலன் நகரின் சான் சிரோ மைதானத்தில் பாவ்லோ மால்டினி கடைசியாக ஆடிய நாள். ரோமாவிடம் 3-2 என்று தோற்ற ஆட்டம் முடிந்து, நாற்பது வயதுக் கேப்டன் மைதானத்தைச் சுற்றி வந்து விடைபெறுகிறார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. தீவிர ரசிகர்கள் நிற்கும் தெற்குப் பக்கத்திலிருந்து மட்டும் சீட்டியொலி. அங்கே 6 என்று எண் போட்ட பிரம்மாண்டமான ஜெர்சி ஒன்று தொங்குகிறது. கேப்டன் என்றால் ஒருவர்தான், அவர் பரேசி என்கிறது பதாகை. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே கிளப்புக்கு ஆடியவரை வழியனுப்ப, அவருக்கு முந்தைய கேப்டனின் பெயரையே கல்லாக எடுத்து எறிந்தார்கள்.

அது இருவருக்குமே நேர்ந்த அவமரியாதை. 2005-இல் இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் தோற்ற பிறகு அந்த ரசிகர் குழுவோடு மால்டினிக்கு ஏற்பட்ட உரசல்தான் அதன் மூலம். ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆட்டத்தை முன்வைத்து இருவரையும் ஒப்பிடுவது நியாயமான காரியம். 1985 முதல் 1997 வரை ஏசி மிலனின் பின்வரிசையில் சேர்ந்தே நின்றவர்கள் ஃபிராங்கோ பரேசியும் மால்டினியும். கோப்பைகளை எண்ணினால் மால்டினிதான் முன்னே நிற்கிறார். இருந்தாலும் தடுப்பாட்டம் என்ற தொழிலில் பரேசி செய்ததே பெரிது என்பது என் கட்சி. அதற்கு மால்டினியின் ஆட்ட வாழ்க்கையையே சாட்சிக்கு அழைப்பேன்.

பரேசி 1960-இல் பிரெஷியாவுக்குப் பக்கத்திலுள்ள திராவாலியாட்டோ என்ற ஊரில் பிறந்தவர். பதின்வயது முடிவதற்குள் தாயும் தந்தையும் போய்விட்டார்கள். இரண்டு வயது மூத்த அண்ணன் ஜுசெப்பேயை இன்டர் மிலன் சேர்த்துக்கொண்டது. தம்பியைப் பார்த்து, உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பியது. எதிர்க்கிளப்பான ஏசி மிலன் எடுத்துக்கொண்டது. அண்ணன் இன்டருக்கும் தம்பி மிலனுக்கும் கேப்டனானது பின்னாளைய கதை.

மால்டினியின் தொடக்கம் இதற்கு நேரெதிர். அப்பா செசாரே மால்டினி, 1963-இல் வெம்பிளியில் பென்ஃபிக்காவை வென்று மிலனுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டுவந்த கேப்டன். 1985 ஜனவரியில் உதினேசேவுக்கு எதிராக மகன் களமிறங்கியபோது வயது பதினாறு. அப்பாவின் பெயரால் வந்தவன் என்ற பேச்சு எழாமல் இருக்க, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மற்றவர்களை விட நன்றாக ஆட வேண்டியிருந்தது. அந்தச் சுமையையும் லேசாக எண்ணிவிடக் கூடாது.

ஆனால் மால்டினி பார்க்காத ஒன்றைப் பரேசி பார்த்தார்: கிளப்பின் வீழ்ச்சி. 1979-இல் லீக் பட்டம் வென்ற மிலன், சூதாட்ட ஊழலுக்காக 1980-இல் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. ஏறி வந்த கையோடு, 1982-இல் மோசமாக ஆடியே மீண்டும் இறங்கியது. அந்த ஆண்டு உலகக்கோப்பை வென்ற இத்தாலிய அணியில் பரேசியும் இருந்தார். ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. பெரிய கிளப் எதற்கும் போயிருக்கலாம். போகவில்லை. இருபத்திரண்டு வயதில் கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டாம் பிரிவில் ஆடினார். மால்டினியின் விசுவாசமும் உண்மைதான்; ஆனால் வென்றுகொண்டிருக்கும் வீட்டில் தங்குவது வேறு, இடிந்த வீட்டில் தங்குவது வேறு.

இனி ஆட்டத்துக்கு வருவோம். 1987-இல் அரிகோ சாக்கி பயிற்சியாளராக வந்தார். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு தடுப்பதே இத்தாலிய வழக்கம். அந்தத் தடுப்பாளர்களுக்குப் பின்னால் ஒரு வீரர் காவலாக நிற்பார். சாக்கி அதைக் கலைத்துப் பின்வரிசை நால்வரையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே இருபத்தைந்து மீட்டருக்கு மேல் விடக்கூடாது என்றார். இந்த முறையில் மயிரிழை பிசகினாலும் எதிராளி தனியாகக் கோல்கீப்பர் முன்னால் நிற்பான். அந்தக் கோட்டை இயக்கியவர் பரேசி.

பழைய ஒளிப்பதிவில் அவரை மட்டும் பாருங்கள். எதிரணியின் நடுக்கள வீரர் பந்தைத் தொட்டுத் தலையைக் குனிகிறார், அடுத்து நீளமாக அடிக்கப்போகிறார் என்று பொருள். அந்தக் குனிவிலேயே பரேசி இரண்டு எட்டு முன்னே வைக்கிறார். தசோட்டி, கொஸ்டாகூர்த்தா, மால்டினி மூவரும் கூடவே நகர்கிறார்கள். பந்து கிளம்பும்போது முன்கள வீரர்கள் ஆஃப்சைடில் நிற்க, பரேசியின் கை மேலே உயர்ந்திருக்கிறது. ஒட்டுமொத்தச் சூழ்ச்சியும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

சாக்கி சொன்ன பயிற்சிக் கதை ஒன்று உண்டு. கோல்கீப்பர் ஜியோவன்னி கல்லியும் இந்த நால்வரும் ஒருபுறம். குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட் உட்படப் பத்துப் பேர் மறுபுறம். பந்தைப் பறிகொடுத்தால் பத்துப் பேரும் தங்கள் பாதிக்குத் திரும்பிப் புதிதாகத் தொடங்க வேண்டும். கால் மணி நேரம் ஆடியும் ஒரு கோல்கூட விழவில்லை என்பார் சாக்கி.

இவர்களுடைய வெற்றிக்கு அன்றைய விதிதான் காரணம் என்று சொல்வோர் உண்டு. 1990 வரை கடைசித் தடுப்பாளருக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு என்பது மெய். விதி மாறி, சமமாக நிற்பவன் தப்பலாம் என்றான பிறகு என்ன ஆனது? 1993-94 லீகில் 34 ஆட்டங்களில் மிலன் வாங்கியது 15 கோல்கள். முப்பத்து மூன்று வயதிலும் பரேசியின் கை சரியான நொடியில்தான் உயர்ந்தது.

மால்டினியின் மேன்மை வேறு இடத்தில். வலதுகால்காரர், ஆடியதோ இடது பக்கம். எதிரணி விங்கர் வெளிப்பக்கம் போனால் உடலைச் சாய்த்து எல்லைக்கோட்டுக்கு ஒதுக்குவார். உள்ளே திரும்பினால் அங்கே வலுவான வலதுகால் காத்திருக்கும். இரண்டு வழியும் அடைபட்ட விங்கர் பின்னால் தட்டிவிட்டுப் போவதை எத்தனையோ ஆட்டங்களில் பார்க்கலாம். விழுந்து புரண்டு பந்தைப் பறிக்கும் தேவை அவருக்கு அபூர்வமாகத்தான் வந்தது. ஒற்றை வீரராக, உடல் வாகிலும் இரு கால் திறத்திலும் பரேசியை விட நிறைவானவர் மால்டினிதான். இதில் எனக்குத் தயக்கமில்லை. வேகம் குறைந்ததும் நடுப் பின்களத்துக்கு நகர்ந்து, 2003-இலும் 2007-இலும் கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். இரண்டாவது முறை வயது முப்பத்தெட்டு. மிலனுக்காக 902 ஆட்டங்கள், இத்தாலிக்கு 126. பரேசிக்கு 719, 81.

நடுப் பின்களத்துக்கு நகர்ந்ததும் எப்படி அப்படிப் பொருந்தினார்? 1994 மே மாதம் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய இறுதியில் பரேசியும் கொஸ்டாகூர்த்தாவும் தடை காரணமாக ஆட முடியவில்லை. எதிரே ரொமாரியோ, ஸ்டோய்ச்கோவ் அடங்கிய பார்சிலோனா. பிலிப்போ கல்லியோடு மால்டினி நடுவில் நின்றார். மிலன் 4-0 என்று வென்றது. பரேசி இல்லாமலும் சமாளிக்கலாம் என்பதற்கு இதைக் காட்டுவார்கள். எனக்கோ இது மாறாகத் தெரிகிறது. ஒன்பது ஆண்டுகள் பரேசியின் கையைப் பார்த்தே முன்னும் பின்னும் நகர்ந்தவருக்கு அந்த அளவெல்லாம் உடம்பில் ஊறியிருந்தது. ஆசிரியர் வராத நாளிலும் வகுப்பு ஒழுங்காக நடந்தால் பெருமை ஆசிரியருக்கும் உண்டு.

அதே கோடையில் அமெரிக்காவில் உலகக்கோப்பை. ஜூன் 23 அன்று நார்வேக்கு எதிராகப் பரேசிக்கு முழங்கால் சவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை. மால்டினி கேப்டனானார், அணி இறுதிக்கு வந்தது. கொஸ்டாகூர்த்தாவும் தசோட்டியும் தடையில். ஜூலை 17, பாசடேனா வெயிலில் முப்பத்து நான்கு வயதுப் பரேசி மால்டினியின் பக்கத்தில் வந்து நின்றார், காயம்பட்டு இருபத்து நான்கு நாட்களில். பிரேசிலின் ரொமாரியோ, பெபெத்தோ இருவரையும் 120 நிமிடம் கோல் போடவிடவில்லை. தசைப்பிடிப்போடு முதல் பெனால்டியை அடிக்க வந்தவர் பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். கடைசிப் பெனால்டியை பாஜியோ தவறவிட்டு இத்தாலி தோற்றதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அன்று தேம்பி அழுதவர் பரேசி.

மால்டினிக்கும் தேசிய அணியில் கிடைத்தது ஏமாற்றமே: 2000 ஐரோப்பிய இறுதியும் 2002 உலகக்கோப்பையும், கூடுதல் நேரத்தில் விழும் முதல் கோலோடு ஆட்டத்தை முடிக்கும் தங்க கோல் விதியில் பறிபோயின. ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதும் இருவருக்கும் எட்டவில்லை. 1989-இல் பரேசி இரண்டாமிடம். 1994, 2003 ஆண்டுகளில் மால்டினி மூன்றாமிடம். கோல் போடுபவனைக் கொண்டாடும் உலகம் கோலைத் தடுத்தவனுக்கு அவ்வளவுதான் கொடுத்தது; இதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

1997-இல் பரேசி ஓய்வு பெற்றதும் 6 என்ற எண்ணை மிலன் யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்தது. மால்டினியின் 3 அவருடைய மகன்களுக்கு மட்டும் திறந்திருக்கிறது.

என் தீர்ப்பு இது. ஓர் இளைஞனுக்கு ஆட்ட வாழ்க்கையின் முன்மாதிரி காட்டு என்றால் மால்டினியைக் காட்டுவேன். நால்வரை ஒருவராக்கித் தடுப்பது எப்படி என்று கேட்டால் பரேசிதான். பெரிய தடுப்பாட்டக்காரரும் அவரே. ஐயமிருப்பவர்கள் பாசடேனா ஆட்டத்தின் ஒளிப்பதிவைத் தேடி, பந்தை விட்டுவிட்டு 6-ஆம் எண்ணை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.